நிற்கத் தெரிந்த தறி: டொயோட்டா பெயர் பெற்ற வரலாறு

பொருளுக்கு விலை வைப்பவர் வணிகர். பெயர் வைப்பவரோ மக்கள். விலையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பெயரை மாற்றுவதற்கு ஒரு தலைமுறையாவது வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் 'ஜப்பான் சாமான்' என்றால் மலிவானது, நெடுநாள் உழைக்காதது என்பதே பல நாடுகளில் வழங்கிய பொருள். அரை நூற்றாண்டு கழிந்தபோது, அதே நாட்டில் பிறந்த டொயோட்டா கார் 'வாங்கினால் கவலையில்லை' என்னும் பெயரை உலகெங்கும் பெற்றிருந்தது. இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது?

ஜப்பானியர் இயல்பிலேயே உழைப்பாளிகள். ஆதலால் அவர்கள் செய்யும் காரும் உழைக்கிறது என்று விடை கூறி அமைந்துவிடுவோர் பலர். இது விடையாகத் தோன்றினும் விளக்கமாகாது. போருக்கு முன்னும் அவர்கள் அதே ஜப்பானியரே அல்லரோ? காரணத்தைக் குலத்தில் தேடாமல் தொழிலில் தேட வேண்டும். அங்ஙனம் தேடிச் செல்வோர் முதலில் காண்பது கார் அன்று; தறி.

தச்சர் மகன் கண்ட தறி

சாக்கிச்சி டொயோடா என்பார் 1867ஆம் ஆண்டு ஷிசுவோக்கா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அக்காலத்தில் வீடுதோறும் பெண்கள் கைத்தறியில் நெய்து வந்தனர். ஊடை நூலை இடமும் வலமும் செலுத்த இரு கைகளும் ஓயாது உழைக்க வேண்டியிருந்தது. சாக்கிச்சி, ஒரு கையால் இயக்கத்தக்க மரத்தறி ஒன்றை 1890இல் அமைத்து, அடுத்த ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1896இல் நீராவியால் இயங்கும் விசைத்தறியைச் செய்து முடித்தார்.

விசைத்தறியோடு புதிய தொல்லை ஒன்றும் பிறந்தது. கைத்தறியில் நூல் அறுந்தால் நெசவாளியின் கை அதை உடனே உணரும். விசைத்தறிக்கு அவ்வுணர்வு இல்லை. நூல் அறுந்த பின்னும் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் நேரமெல்லாம் பழுதான துணியே வெளிவரும். இதைத் தடுக்க ஒவ்வொரு தறியின் அருகிலும் ஒருவர் கண்ணிமையாமல் காவல் நிற்க வேண்டும். மனிதனுக்கு ஏவல் செய்ய வந்த இயந்திரம், மனிதனையே தனக்குக் காவலாளி ஆக்கிக்கொண்டது.

நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிட வேண்டும் என்பதே சாக்கிச்சி கண்ட தீர்வு. அவரும் அவருடைய மகன் கீச்சிரோவும் 1924இல் நிறைவு செய்த 'ஜி' வகைத் தானியங்கித் தறியில், ஊடை நூல் தீர்ந்தால் ஓட்டம் நிற்காமலே நாடா மாற்றப்பட்டது. பாவு நூல் அறுந்தாலோ தறி அக்கணமே நின்றது. ஆகவே ஒருவரே 30க்கு மேற்பட்ட தறிகளைக் கவனிக்க முடிந்தது. நிற்கத் தெரிந்த தறியே மிகுதியாக நெய்தது என்பது இங்கு நாம் கருதத்தக்கது.

இக்கருத்துக்குப் பிற்காலத்தில் அந்நிறுவனத்தார் 'ஜிடோக்கா' என்று பெயரிட்டனர். மொழி ஆசிரியர்கள் சுவைக்கத்தக்க நுட்பம் ஒன்று இதில் உண்டு. தானே இயங்குதலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லில், இயக்கத்தைக் குறிக்கும் எழுத்தோடு 'மனிதன்' என்னும் உறுப்பைக் கூட்டி அவர்கள் எழுதினர். ஒலி மாறவில்லை, பொருள் மாறிற்று. வெறுமனே ஓடும் பொறி வேறு, தவறு கண்டு நிற்கும் அறிவுடைய பொறி வேறு என்பதை ஓரெழுத்தின் மாற்றம் உணர்த்திற்று.

தறியிலிருந்து கார்

1929 டிசம்பரில் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்துப் பிளாட் சகோதரர் நிறுவனம் இத்தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்க உடன்பட்டது. உலகுக்கு நெசவு இயந்திரம் விற்ற நாடு, ஜப்பானியரிடம் தறியின் உரிமையை விலைக்கு வாங்கியது பெருஞ்செய்தியே. இப்பணமே கார்த் தொழிலுக்கு முதலாயிற்று என்று கதையாகச் சொல்வதுண்டு. ஆனால் பேசிய தொகை பின்னர்க் குறைக்கப்பட்டது; கார்த் தொழிலுக்கு வேண்டிய முதலோ அதனினும் பன்மடங்கு பெரிது. தறியிலிருந்து காருக்குச் சென்ற உண்மையான முதல், பணத்தைக் காட்டிலும் பழக்கமே எனல் வேண்டும்.

1923ஆம் ஆண்டின் பெரு நிலநடுக்கத்தில் தோக்கியோவின் இருப்புப் பாதைகள் சிதைந்தபோது, ஃபோர்டு வண்டிகளே நகரப் போக்குவரத்துக்குக் கைகொடுத்தன. 1925இல் ஃபோர்டு நிறுவனம் யோக்கோஹாமாவிலும், 1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒசாக்காவிலும் கார் பொருத்தும் ஆலைகளைத் திறந்தன. அமெரிக்கருக்கே உரியதாய்விட்ட சந்தையில் கீச்சிரோ துணிந்து இறங்கினார். 1933இல் தறி ஆலையிலேயே கார்ப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது.

முதற்பேறு பெருமைக்குரியதாக அமையவில்லை. 1935இல் வெளிவந்த 'ஜி1' லாரி அடிக்கடி பழுதாகி வழியில் நின்றது. ஆயினும் அவர்கள் பழுதை மறைக்கவில்லை. வண்டி நின்ற இடங்களுக்கே பொறியாளர்கள் சென்று காரணத்தை ஆராய்ந்தனர். கண்ட குறையை ஆலைக்குக் கொண்டுவந்து திருத்தினர். பழுதாகாத வண்டி என்னும் புகழுக்கு அடிக்கல்லாய் அமைந்தவை, பழுதாகி நின்ற அந்த லாரிகளே.

1936இல் பொதுமக்களிடையே நடத்திய சின்னப் போட்டிக்கு ஏறத்தாழ 27,000 படிவங்கள் வந்தன. அப்போதுதான் 'டொயோடா' என்னும் குடும்பப் பெயர் 'டொயோட்டா' என்னும் வணிகப் பெயராயிற்று. மெல்ல ஒலித்த டகரம் வலித்தது. நம் எழுத்தில் ஓர் ஒற்று மிகுந்தது, அவ்வளவே. ஜப்பானியக் கத்தக்கானா எழுத்தில் புதிய பெயருக்கு எட்டுக் கோடுகள். எட்டு அவர்கள் நாட்டில் நல்லெண்ணாகக் கருதப்படுவது. மேலும், ஒரு குடும்பத்துக்கு உரிய பெயர் ஊருக்கு உரிய பெயராகவும் இது வழி செய்தது. 1937 ஆகஸ்டில் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியே அமைந்தது. அதன் ஆலை எழுந்த கொரோமோ நகரம், 1959 முதல் டொயோட்டா என்றே வழங்கலாயிற்று.

வீழ்ச்சியும் பாடமும்

போருக்குப் பின் நிறுவனம் கடனில் மூழ்கியது. 1950இல் 1,600 பேரை வேலையினின்று விலக்கும் திட்டம் வெளியானது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கீச்சிரோ பொறுப்பேற்றுத் தலைமைப் பதவியைத் துறந்தார். அதே மாதம் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படைக்கு லாரிகள் தேவைப்பட்டன, நிறுவனம் பிழைத்தது. அயல்நாட்டின் போர் ஒன்றால் உயிர் மீண்டது என்பதை வரலாறு மறைத்தல் ஆகாது. கீச்சிரோ 1952இல் மறைந்தார்.

இக்காலத்தில் ஆலைக்குள் அமைதியாக ஒரு மாற்றம் நடந்துவந்தது. அதை நடத்தியவர் தாயிச்சி ஓனோ. டொயோடா குடும்பத்தாரின் நூற்பாலையில் பணியாற்றிவிட்டு 1943இல் கார் ஆலைக்கு வந்தவர் அவர். ஆதலால் தறியின் பாடத்தை அவர் நன்கு அறிந்திருந்தார். தேவையான உறுப்பை, தேவையான நேரத்தில், தேவையான அளவில் மட்டுமே செய்க என்றார். குவித்து வைத்த சரக்குக் குறைந்ததும் குறைகளுக்கு மறைவிடம் இல்லாமற் போயிற்று. ஓர் உறுப்புப் பழுதானாலும் அடுத்த பட்டறையில் உடனே தெரிந்தது. அங்ஙனம் தெரிந்தபோது வேலையை நிறுத்தும் உரிமையைத் தொழிலாளிக்கே அளித்தார். தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், மேற்பார்வையாளர் விரைவார், குறை தீராவிடில் வரிசை முழுவதும் நிற்கும். நிற்கத் தெரிந்த தறி, நிற்கத் தெரிந்த ஆலையாக வளர்ந்தது.

சந்தையிலும் இப்பண்பு வெளிப்பட்டது. 1957இல் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் அதன் வலிமை போதவில்லை. விரைந்து சென்றால் நடுங்கியது. 1960இல் அங்குக் கார் விற்பனையையே நிறுத்திவைத்தனர். திருத்தி அமைத்த கொரோனாவோடு 1965இல் மீண்டும் புகுந்தனர், இம்முறை வென்றனர். தரக் கட்டுப்பாட்டுக்கான டெமிங் பரிசு அந்நிறுவனத்துக்குக் கிட்டியதும் அதே 1965இல்தான். 1966இல் வெளிவந்த கொரோல்லா, 2021ஆம் ஆண்டுக்குள் 5 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று.

இது குலத்தின் இயல்பா, தொழிலின் முறையா என்னும் வினாவுக்கு கலிபோர்னியாவின் ஃபிரீமாண்ட் நகரம் விடை கூறிற்று. அங்கு ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, தரக்குறைவாலும் ஓயாத பூசலாலும் பெயர் கெட்டு 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூடி அதைத் திறந்தபோது, வேலைக்கு வந்தோரிற் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே, பழைய சங்கத்தினரே. புதிதாக வந்தவை முறையும், கயிற்றை இழுக்கும் உரிமையுமே. சில ஆண்டுகளிலேயே அவ்வாலை அமெரிக்காவின் சிறந்த கார் ஆலைகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. 'ஜப்பானியர் இயல்பு' என்னும் விளக்கம் இங்கே உதிர்ந்துவிடுகிறது.

புகழின் மறுபக்கம்

ஆயின் இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக முடித்துவிடலாகாது. சரக்குக் குறைந்தால் ஓய்வும் குறையும். 1973இல் சத்தோஷி கமத்தா என்னும் எழுத்தாளர், தாமே டொயோட்டா ஆலையில் பருவக் கூலியாளாகச் சேர்ந்து கண்ட கடுமையை நூலாக எழுதினார். 2002இல் இறந்த 30 வயதுத் தொழிலாளி ஒருவரின் சாவுக்கு மிகையான உழைப்பே காரணம் என்று நகோயா மாவட்ட நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. நூல் அறுந்ததைக் கண்ட முறை, மனிதன் அறுந்ததைக் காணத் தவறியது.

2008இல் டொயோட்டா விற்பனையில் ஜெனரல் மோட்டார்ஸை விஞ்சி உலகில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டே கால்விரிப்பில் சிக்கும் முடுக்கிகளையும், அழுத்திய பின் எளிதில் மீளாத முடுக்கிகளையும் பற்றிய முறையீடுகள் வெடித்தன. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பல லட்சம் கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்ற அக்கியோ டொயோடா, நிறுவனம் அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்துவிட்டது போலும் என்று வருந்தினார். அவர் கீச்சிரோவின் பேரர். மின்னணுக் கருவிகளில் குற்றமில்லை என்று 2011இல் அரசின் ஆய்வு கூறியது உண்மையே. எனினும், அறிந்த குறையைப் பற்றி மக்களைத் திசைதிருப்பும் செய்திகளைச் சொன்னதாக ஒப்புக்கொண்டு, 2014இல் அந்நிறுவனம் 120 கோடி டாலர் செலுத்தியது. குறை நேர்ந்தது பெரும்பழி அன்று. குறை தெரிந்தும் நில்லாமல் ஓடியதே பெரும்பழி.

அடுத்த நிகழ்ச்சி நமக்கு இன்னும் அணுக்கமானது. மலேசியாவின் பெரோடுவா கார்களுக்குத் தொழில்நுட்பத் துணையாய் அமைந்த டைஹாட்சு, 2016 முதல் டொயோட்டாவுக்கே முழுதும் உரியது. அந்நிறுவனம் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது 2023இல் வெளிப்பட்டது. ஆய்வுக்குழு கண்டவை 174 முறைகேடுகள். அவற்றுள் மிகப் பழையது 1989ஆம் ஆண்டினது. புதிய கார்களை விரைந்து முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில், 'முடியாது, நிறுத்துங்கள்' என்று சொல்லும் துணிவு ஊழியர்க்கு இல்லாமற் போயிற்று. அன்று ஓர் ஊழியர் கயிற்றை இழுத்திருந்தால் சில மணித்துளிகளே வீணாகியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எவரும் இழுக்காததால், அவ்வாண்டு டிசம்பரில் டைஹாட்சுவின் ஜப்பானிய ஆலைகள் அனைத்தும் நின்றன.

ஆகவே டொயோட்டாவின் பெயர் ஒருமுறை தேடிப் பெட்டியில் பூட்டிவைத்த செல்வம் அன்று. பழுதான லாரியைத் தேடிச் சென்றபோதும், வலிமையற்ற காரைத் திரும்பப் பெற்றபோதும், ஃபிரீமாண்டுத் தொழிலாளியின் கையில் கயிற்றைக் கொடுத்தபோதும் அப்பெயர் வளர்ந்தது. எண்ணிக்கையும் நாட்கணக்கும் முன்னே வந்து நின்றபோதெல்லாம் அது தேய்ந்தது. இவ்வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர்கள், ஏழைத் தச்சர் மகன் உயர்ந்த கதையோடு நிறுத்திவிடாமல் இதனையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. 'இங்கே தவறு இருக்கிறது' என்று சொல்ல ஒருவன் அஞ்சாத இடத்தில்தான் நல்ல வேலை நடக்கும். அவ்வச்சத்தைப் போக்குவது ஆலையை நடத்துவோரின் கடமை. வகுப்பை நடத்துவோர்க்கும் அதில் பங்குண்டு.