இனிப்பு முந்தியா, கறி முந்தியா?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019ஆம் ஆண்டில். அவ்வூரிலும் அடுத்துள்ள இராஜபாளையத்திலும் விருந்தினருக்கு முதலில் இனிப்பை நீட்டுவது இயல்பு. ஆனால் அவ்வழக்கம் பால்கோவாவைவிட மிகப் பழையது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையில், இனிப்பானவற்றை முதலிலும் கசப்பானவற்றை இறுதியிலும் உண்ணுமாறு பெருவாயின் முள்ளியார் விதிக்கிறார். சுசுருத சம்ஹிதையும் இனிப்பையே முதலில் வைக்கிறது.

ஹிஜ்ரி 505இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் இதைப் பேசுகிறார்கள். பழம் முதலில் வர வேண்டும். அது விரைவில் செரிப்பதால் வயிற்றின் அடியில் இருப்பதே தக்கது. அல்வாகிஆ சூராவில் கனிகள் முன்னும் பறவை இறைச்சி பின்னும் சொல்லப்பட்டிருப்பதையும் சுட்டுகிறார்கள். அதன்பின் இறைச்சியும் தரீதும். இனிப்பு இருந்தால் கடைசியில். முள்ளியாரின் முறைக்கு இது நேர்மாறு.

பழம் விரைவில் செரிக்கிறது என்ற கவனிப்பு சரியானதே. இன்றைய மருத்துவம் அதே கவனிப்பிலிருந்து வேறொரு முடிவுக்கு வருகிறது: விரைவில் செரிப்பது விரைவில் இரத்தத்திலும் ஏறும். 2015இல் நியூயார்க்கில் அல்பனா சுக்லா குழுவினர் நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரு வரிசைகளில் கொடுத்தனர். காய்கறியும் கோழியும் முதலில், 15 நிமிடம் கழித்து ரொட்டியும் பழச்சாறும் என்றபோது, ஒரு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை சுமார் 37 விழுக்காடு குறைவாக இருந்தது. நார்ச்சத்தும் புரதமும் முந்திச் சென்றால் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது; மாவுச்சத்து மெல்லவே இறங்குகிறது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் கூறியது. நம் ரமழானை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். பேரீச்சையால் நோன்பு திறப்பது நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. அதை மாற்றும் பேச்சில்லை. ஒன்றோ மூன்றோ பேரீச்சையால் வரும் சர்க்கரை அளவானது. தொல்லை அதன்பின் வெறும் வயிற்றில் கிண்ணம் கிண்ணமாக இறங்கும் நோன்புக் கஞ்சியில் இருக்கிறது. குழைந்த அரிசி மிக வேகமாகச் செரிக்கும். இடையில் ஓர் அவித்த முட்டையோ சுண்டலோ உண்டு, மஃரிப் தொழுது வந்து கஞ்சி அருந்தலாம். வலீமா பிரியாணியிலும் கறித்துண்டும் வெங்காயப் பச்சடியும் முதலில் உள்ளே போகட்டும். தால்சாவைச் சோற்றில் ஊற்றாமல் தனியே உண்பதைக் கண்டு பெரியம்மாமார் முறைத்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

பதினொரு பேரிடம் நடந்த ஆய்வு சிறியது. வரிசை மாறியதால் சோற்றின் அளவும் குறைந்துவிடாது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் ரமழானுக்கு முன்பே மருத்துவரிடம் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.