துண்டாக்கலாம், தொடர்பை அறுக்கலாகாது: எழுதாத சீனப் பேச்சும் ஆங்கில உரைபெயர்ப்பும்

திருவனந்தபுரத்துக் கரமனை அக்கிரகாரத்தில் வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவைத் தாண்டினால் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். அந்தப் பிள்ளை சீனம் கற்று உரைபெயர்ப்பாளரானால் ஒரு வசதி கூடவே வரும்.

'நேற்று துறைமுகத்தில் சரக்கு இறக்கிய தொழிலாளர்கள்' என்னும்போது தொழிலாளர்கள் கடைசியில்தான் வருகிறார்கள். மலையாளத்திலும் அப்படியே. சீனத்திலும் அடைகள் முழுவதும் பெயருக்கு முன்னால் நிற்கும். ஆங்கிலம் பெயரை முதலில் கேட்கும். எழுதிய உரை கையில் இருந்தால் கண் முன்னே ஓடிப் பெயரைப் பிடித்துவிடும். மனத்தில் பட்டதைப் பேசுகிறவர் மூன்று அடைகளை அடுக்கினாலோ, உடனுக்குடன் பெயர்ப்பவர் திணறுவார். பெயர் பின்னால் வரும் என்று காத்துக் கேட்பது தமிழ்க் காதுக்குப் பழக்கம். ஆனால் ஆங்கில வாய் அதுவரை சும்மா இருக்க முடியாது.

எனவே துண்டாக்குகிறார்கள். 'நேற்று துறைமுகத்தில் சரக்கு இறங்கியது; அதை இறக்கிய தொழிலாளர்கள்...' என்ற அமைப்பில் ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நல்ல உத்தி.

எண்களில் மட்டும் நம் பழக்கம் குறுக்கே வரும். சீனத்தில் 'வான்' பத்தாயிரம், 'யீ' பத்துக் கோடி. 3 யீ 5,000 வானை 35 கோடியாக்கி, பிறகு 350 மில்லியன் என்று சொல்வதற்குள் பேச்சாளர் அடுத்த வாக்கியத்தில் இருப்பார். யீ ஒன்றுக்கு நூறு மில்லியன் என்று நேராகவே பழக வேண்டும்.

துண்டாக்கும் உத்திக்கு எல்லை உண்டு. பேச்சுச் சீனம் 'என்றால்', 'ஆகையால்' போன்ற இணைப்புகளை அடிக்கடி விட்டுவிடும். 'மழை பெய்யும், நான் போகமாட்டேன்' என்று இரு கூறுகள் பக்கத்தில் நின்றாலே 'பெய்தால்' என்ற பொருள் கிடைத்துவிடும். தமிழ் அந்த நிபந்தனையை வினையிலேயே ஒட்டிக் காட்டும். சீனத்தில் சூழலையும் குரலையும் கொண்டே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே கத்தி வைத்தால் எச்சரிக்கை வெறும் அறிவிப்பாகிவிடும்.

ஒரு நிபந்தனையின் கனத்துக்குக் கொரியப் போரிலிருந்து ஒரு சான்று. 1950 அக்டோபர் 2 நள்ளிரவில் பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சௌ என்லாய், இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரைத் துயிலெழுப்பி அழைத்தார். திருவிதாங்கூர் காவாலத்தில் பிறந்த பணிக்கர் தம் நினைவுக் குறிப்புகளில் அந்தச் சந்திப்பைப் பதிந்திருக்கிறார். சௌ சொன்னது இது: அமெரிக்கப் படை இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் அட்சக்கோட்டைக் கடந்தால் சீனா தலையிடும். தென்கொரியப் படை கடப்பது வேறு விஷயம். செய்தியின் உயிர் அந்த 'கடந்தால்' என்பதிலும் அந்த வேறுபாட்டிலும் இருந்தது. டெல்லி வழியாக அது வாஷிங்டனுக்குப் போனது. தூதர்மேலேயே நம்பிக்கை இல்லாததால் அங்கே பொருட்படுத்தவில்லை. அக்டோபர் 19 அன்று சீனப் படை யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் நுழைந்தது. பிழை உரைபெயர்ப்பில் இல்லை, அரசியலில். ஆனாலும் ஒரு நிபந்தனை எத்தனை கனம் தாங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

உரைபெயர்ப்பாளர்களின் குறிப்பெடுத்தல் பற்றி 1956இல் நூல் எழுதிய ழான் பிரான்சுவா ரொசான் தம் ஏழு நெறிகளில் ஒன்றை இணைப்புகளுக்கே ஒதுக்கினார். சீனத்துக்கு அதை முதல் நெறியாக வைக்கலாம். பயிற்சியில் பதிவான பேச்சை முதல் கூறோடு நிறுத்த வேண்டும். வரப்போவது நிபந்தனையா, காரணமா, காலமா என்று மாணவர் ஊகித்துச் சொல்ல வேண்டும். அடுத்த கூறைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். வேகப் பயிற்சியை அதற்குப் பிறகு தொடங்கலாம்.