காஸ்லான் ஓப்பன் ஃபேஸ்

காஸ்லான் ஓப்பன் ஃபேஸ் என்பது ரோமன் எழுத்துகளுக்கான அலங்கார செரிஃப் எழுத்துரு. தண்டுகளின் உட்புறம் மையின்றி வெண்மையாக விடப்பட்டிருப்பதால் இது வெளிக்கோட்டு எழுத்துருக்களில் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. நூலின் முகப்பு, அத்தியாயத் தலைப்பு, அழைப்பிதழ், விளம்பரம் ஆகியவற்றில் பெரிய அளவில் அச்சிட ஏற்றது. சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் எழுத்து வார்ப்பகம் இதை 1915இல் வெளியிட்டது.

வரலாறு

இந்த வடிவத்தின் வேர் செப்புத்தகட்டுச் செதுக்குக்கலையில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கலைஞர்கள் படத்தோடு தலைப்பையும் தகட்டிலேயே வெட்டினார்கள். இரண்டு கோடுகளை அருகருகே கீறி நடுவை வெறுமையாக விட்டால், பக்கத்தில் கருமை அப்பாமலே தலைப்பு எடுப்பாகத் தெரியும். அந்த அழகை உலோக அச்செழுத்துக்குக் கொண்டுவந்தவர்களில் பாரிஸின் பியேர் சிமோன் ஃபூர்னியே (1712–1768) முக்கியமானவர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் பேஞோ வார்ப்பகம் அந்தக் காலத்து எழுத்துகளுக்கு மறுவாழ்வு கொடுத்தது. ஜார்ஜ் பேஞோவின் முயற்சியில் 1912 வாக்கில் வந்த வரிசையில் கொஷான், மொரோ-ல-ஜேன் போன்ற எழுத்துருக்கள் இருந்தன. இரண்டும் 18ஆம் நூற்றாண்டுச் செதுக்குக் கலைஞர்களின் பெயர்கள். சிகாகோ வார்ப்பகம் மொரோ-ல-ஜேன் எழுத்துருவைத்தான் காஸ்லான் ஓப்பன் ஃபேஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. லண்டன் எழுத்துவெட்டாளர் வில்லியம் காஸ்லானுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அமெரிக்கப் பதிப்பு வெளியான அதே 1915இல் ஜார்ஜ் பேஞோ முதல் உலகப் போரில் களத்தில் உயிரிழந்தார்.

வடிவம்

ஹெச் என்ற பெரிய எழுத்தைப் பார்த்தால் அமைப்பு விளங்கும். இரண்டு நிமிர்ந்த தண்டுகளிலும் இடப்பக்கக் கோடு மெல்லியது, வலப்பக்கக் கோடு தடித்தது, இடையில் வெள்ளை. தண்டுகளை இணைக்கும் குறுக்குக் கோடு ஒற்றைக் கோடாகவே இருக்கும். ஓ என்ற வட்ட எழுத்தில் வெள்ளை இரு பக்கங்களிலும் அகன்று, மேலும் கீழும் ஒடுங்கி மறைகிறது. இடமிருந்து ஒளி விழுந்து வலப்புறம் நிழல் படிவது போன்ற தோற்றம் இதனால் கிடைக்கிறது. சிறிய எழுத்துகளின் உடல் குட்டை. மேலெழும் தண்டுகள் மிக உயரம்.

1957இல் மோனோடைப் வெளியிட்ட, ஜான் பீட்டர்ஸ் வரைந்த காஸ்டெல்லார் போன்ற எழுத்துருக்களில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. காஸ்லான் ஓப்பன் ஃபேஸில் சிறிய எழுத்துகளும் இருப்பதால் முழுத் தொடர்களையும் இயல்பாகக் கோக்கலாம்.

பயன்பாடு

அளவு குறையும்போது உள்வெளி மையால் அடைபட்டு, எழுத்து கறையாகிவிடும். மையை உறிஞ்சும் முரட்டுத் தாளில் இந்த ஆபத்து அதிகம். வழவழப்பான தாளில் கோடுகள் துல்லியமாக நிற்கும். பெரிய எழுத்துகளை மட்டும் கோக்கும்போது இடைவெளியைச் சற்றுக் கூட்டினால் ஒவ்வொன்றின் நயமும் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றினால் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் ஒளி வந்து, வடிவத்தின் தர்க்கமே தலைகீழாகும்.

பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் கணினிப் பதிப்பு இந்த எழுத்துருவை இன்றும் புழக்கத்தில் வைத்திருக்கிறது. உலோகக் காலத்தில் வார்ப்பகம் எந்த அளவுகளில் வார்த்ததோ அவற்றில் மட்டுமே அச்சிட முடிந்தது. கணினியில் எந்த அளவுக்கும் சுருக்கலாம் என்பதால், அந்த மெல்லிய வெள்ளைக் கோட்டைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது வடிவமைப்பாளருடையது.