சுண்டுவிரலுக்கு எத்தனை மார்க்?

போன வருஷம் எங்க அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்ப, பிசியோதெரபி பொண்ணு வந்து காலை நீட்டச் சொல்லி, மேலே கையை வச்சு அழுத்திப் பார்த்துட்டு, நோட்டுல "4" னு எழுதிட்டுப் போச்சு. அப்பாவுக்கு ஒரே கவலை. "என்னடா, நூத்துக்கு நாலா?" :)

நூத்துக்கு இல்லை, அஞ்சுக்கு நாலு. அந்த மார்க் எங்கிருந்து வந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சதுல, கடைசியில எங்க கல்வராயன் மலை வரைக்கும் வந்து நிக்குது. கல்வராயன்னா மேகம் அருவியும் சாராய வேட்டையும் மட்டும்தான்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே.

போலியோ அமெரிக்காவை ஆட்டிப் படைச்ச காலம். பாஸ்டன்ல ராபர்ட் லவெட்னு ஒரு எலும்பு டாக்டர் (பின்னாடி ரூஸ்வெல்ட்டுக்கு வந்தது போலியோதான்னு 1921-ல் சொன்னவரும் இவரே). அவர்கிட்ட வேலை பார்த்த வில்ஹெல்மின் ரைட்ங்கிற அம்மா, 1912-ல் ஒரு எளிய வழியை எழுதி வெளியிட்டாங்க. புவியீர்ப்புதான் தராசு. கையோ காலோ தன் எடையைத் தானே தூக்குதா, இல்லையா? தூக்கினா, நாம எதிர்த்து அழுத்தும்போது தாங்குதா? இரண்டாம் உலகப்போர் சமயத்துல, குண்டடிபட்டு நரம்பு அறுந்த சிப்பாய்களுக்காக இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு இதை 0-லேர்ந்து 5 வரைக்கும் மார்க்கா மாத்துச்சு. துடிப்பே இல்லைன்னா 0. லேசா துடிச்சா 1. படுக்கை வாட்டத்துல நகர்ந்தா 2. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கினா 3. அழுத்தத்தையும் ஓரளவு தாங்கினா 4. முழு பலம் 5. மெஷின் வேணாம், கரண்ட் வேணாம், கை போதும்.

இதுல ஒரு கோளாறும் உண்டு. 4-க்கும் 5-க்கும் நடுவுல ஒரு ஊரே இருக்கு. பாதி பலம் உள்ள காலும் 4 வாங்கும், முக்கால் பலம் உள்ள காலும் 4 வாங்கும். அழுத்துற ஆள் பயில்வானா நோஞ்சானாங்கிறதும் மார்க்கை மாத்தும். இதைச் சரிகட்ட வந்ததுதான் ஐசோகைனடிக் மெஷின். ஜேம்ஸ் பெரின் யோசிச்ச சமாச்சாரம். ஹெலன் ஹிஸ்லாப்பும் அவரும் சேர்ந்து 1967-ல் கட்டுரையா எழுதினாங்க. வேகத்தை முதல்லயே பூட்டிடுவாங்க, விநாடிக்கு 60 டிகிரின்னா 60 தான். நீங்க எவ்வளவு முக்கினாலும் அதுக்கு மேல ஓடாது. முக்குற அளவுக்கு மெஷின் திருப்பித் தள்ளும். எந்தக் கோணத்துல எவ்வளவு பலம்னு கோடு போட்டுக் காட்டிடும். முட்டி ஜவ்வு கிழிஞ்ச கிரிக்கெட்காரர் திரும்ப ஆடலாமா வேணாமான்னு பார்க்க இது பிரமாதம். ஆனா விலை கண்ணைக் கட்டும், ஒரு அறையையே அடைச்சுக்கும், பெரும்பாலும் முட்டி, தோள் மாதிரி பெரிய மூட்டுகளுக்குத்தான். சுண்டுவிரலுக்கு அது சரிப்படாது.

நம்ம பக்கத்து மக்களுக்குப் போனது சுண்டுவிரல்தான்.

கல்வராயனுக்குத் தெற்கே, அதே கிழக்குத் தொடர்ச்சி மலையில கொல்லிமலை. காஞ்சிபுரத்துலேர்ந்து அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில குடியேறினதா மலையாளி மக்கள் கதை சொல்வாங்க. கொல்லியும் கல்வராயனும் பங்காளி மலைகள்னு வச்சுக்குங்க. கொல்லிமலையில ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட்னு ஒரு வெள்ளைக்கார மிஷனரி தம்பதி. 1914-ல் பிறந்த மகன் பால் பிராண்ட். அப்பா 1929-ல் மலைக்காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டார். மகன் லண்டன்ல சர்ஜன் ஆகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார்.

1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைச் சுத்திப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளிகிட்ட, என் கையைப் பிடிச்சு அழுத்துன்னார். அந்த ஆள் பிடிச்ச பிடியில டாக்டருக்கு வலி உயிர் போயிடுச்சு. எல்லாரும் "செத்த கை"னு ஒதுக்கின கையில இவ்வளவு பலமா!

அடுத்து அவர் கத்தியைத் தூக்கலை. இந்த மனுஷர்கிட்ட எனக்குப் பிடிச்சதே அதுதான். ஒரு குழுவை வச்சுக்கிட்டு 2000 பேர் வாக்கில் ஒவ்வொருத்தர் கையையும் தசை தசையா சோதிச்சு எழுதினார். தொழுநோய்ல கை அழுகுது, சதை கெட்டுப்போகுது, அதுல ஆபரேஷன் பண்ணாலும் ஆறாதுன்னு மருத்துவ உலகமே நம்பின காலம் அது. மார்க் ஷீட் வேற கதை சொல்லுச்சு. முழங்கைக்கு மேலேயும் மணிக்கட்டுக்கிட்டேயும் குறிப்பிட்ட இடங்கள்லதான் நரம்பு அடிபடுது. அதனால உள்ளங்கையில இருக்கிற சின்னத் தசைகள் 0. முன்கையில இருக்கிற பெரிய தசைகள் பல 5. மணிக்கட்டைத் தூக்குற தசை பெரும்பாலும் பத்திரம்.

அப்படின்னா, மிச்சம் இருக்கிற 5-ல ஒண்ணை எடுத்து 0 இருக்கிற இடத்துக்கு மாத்திக் கட்டலாமே? போலியோவுக்கும் போர்க்காயத்துக்கும் ஏற்கெனவே செஞ்சுட்டிருந்த வேலைதான், தொழுநோய்க் கைக்கு யாரும் துணியலை. இடம் மாறின தசை ஒரு மார்க் இறங்கிடும்னு சர்ஜன்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 3 மார்க் தசையை மாத்தினா 2 ஆயிடும், அதை வச்சு டம்ளரைக் கூடத் தூக்க முடியாது. அதனால அளவு தப்பினா ஆபரேஷனே வீண்.

ஆபரேஷனுக்கு அப்புறம் வாரக்கணக்கா பயிற்சி. மணிக்கட்டைத் தூக்கிட்டிருந்த தசை இப்ப விரலை மடக்கணும். மூளைக்கு அது புரியணுமே. அங்கே பிசியோதெரபி ஆளுங்க இல்லைன்னா சர்ஜன் ஒண்ணும் இல்லை. 1954 விபத்துல இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டே இந்தக் கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சார். 1966-ல் வேலூர்ல மறுவாழ்வு நிலையமும் வந்துச்சு. அவரைப் பத்தித் தனியாவே எழுதணும்.

இந்தப் பக்கம் அம்மா எவலின். ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போகாம, அஞ்சு மலைக்கும் போவேன்னு புருஷனோட சேர்ந்து எடுத்த பழைய வைராக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டு மறுபடி மலையேறினாங்க. அந்த அஞ்சுல ஒண்ணு நம்ம கல்வராயன். இடுப்பு உடைஞ்சு, கால் தளர்ந்து, ரெண்டு கையிலயும் மூங்கில் கழி, இல்லைன்னா மட்டக்குதிரை. அந்தக் கால்களுக்கு மார்க் போட்டிருந்தா எவ்வளவு வந்திருக்குமோ! 1974-ல் 95 வயசுல போனாங்க.

தொழுநோய் ஒழிஞ்ச கதைதானே, இப்ப எதுக்குன்னு கேக்கலாம். பத்தாயிரத்துக்கு ஒருத்தருக்கும் கீழேன்னு 2005-ல் இந்தியா அறிவிச்சது நிஜம். இப்பவும் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் வாக்கில் புதுசா கண்டுபிடிக்கிறாங்க. கள்ளக்குறிச்சி பக்கம் வடதொரசலூர்ல லெப்ரசி மிஷன் ஆஸ்பத்திரி சும்மா வந்துடலை. அரசுத் திட்டத்துலயும் இந்தத் தசைச் சோதனை இருக்கு. 0-5 கூட இல்லை, பலம், பலவீனம், செயலிழப்புன்னு மூணே தரம். சுண்டுவிரலை வெளிப்பக்கம் விரிக்கச் சொல்லி உள்ளே தள்ளிப் பார்க்கணும். உள்ளங்கையை மேலே வச்சுக் கட்டைவிரலை நட்டமா நிறுத்தச் சொல்லி அழுத்தணும். மணிக்கட்டைத் தூக்கச் சொல்லணும், பாதத்தைத் தூக்கச் சொல்லணும், கண்ணை இறுக்க மூடச் சொல்லணும். அஞ்சு நிமிஷ வேலை.

நரம்பு கெட ஆரம்பிச்சு ஆறு மாசத்துக்குள்ள தெரிஞ்சா, ஸ்டீராய்டு மாத்திரையிலயே பலம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கு. தாண்டிட்டா, வாய்ப்பு ரொம்பக் குறைவு. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்கள்ல சாமை அறுக்குற, மரவள்ளி பிடுங்குற ஆளுங்க, சுண்டுவிரல் கொஞ்சம் தளர்ந்துச்சுன்னு ஒருநாள் கூலியை விட்டுட்டு மலை இறங்கி வரமாட்டாங்க. தள்ளிப் பார்க்குற விரல்தான் மலையேறிப் போகணும்.