திருக்கோணமலைத் துறையும் கைத்துப்பாக்கியின் உறுதியும்

இந்துமாக்கடலின் இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்தனவற்றுள் ஒன்று திருக்கோணமலை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் இதன்பொருட்டு மாறி மாறிப் பொருதனர். அப்போர்களை வரைவோர் கோட்டைகளையும் பீரங்கிகளையும் விரித்துரைப்பர். வீரனின் இடுப்பிற் செருகப்பட்ட கைத்துப்பாக்கியைக் கருதுவோர் சிலரே. ஆயினும், நெருங்கிப் பொருதவிடத்து அவனுயிர் அதன் உறுதியையே நம்பியிருந்தது.

1639இல் ஒல்லாந்தர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடிப் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைக் கவர்ந்தனர். அக்காலத்து நீண்ட துவக்குகள் பெரும்பாலும் திரியால் வெடித்தவை. மழையில் திரி அவிந்துவிடும். எரியுந் திரியை இடுப்பிற் செருகலும் இயலாது. ஆதலின் கைத்துப்பாக்கிக்குச் சக்கரப்பொறி அமைந்தது. முறுக்கிய வில்லின் விசையால் உருக்குச் சக்கரம் சுழன்று கல்லில் உராய்ந்து தீப்பொறி எழுப்பும். அதன் உறுப்புகளோ நுண்ணியவை. வில் முறியின் ஊர்க்கொல்லனாற் செப்பனிடுதல் அரிது.

அடுத்து வழங்கியது சக்கிமுக்கிக்கல் துப்பாக்கி. 1782இல் இத்துறையிற் பொருத கப்பல்களில் இருந்தவை இவ்வகையினவே. குதிரையிற் பொருத்திய கல் உருக்குத் தகட்டில் மோதத் தீப்பொறி கிண்ணத்து மருந்திற் படும். சில பத்து வெடிகளிற் கல் மழுங்கும். மருந்துக்கரி துளையை அடைக்கும். உப்புக்காற்றில் மருந்து ஈரமாகும். இவற்றையறிந்தே ஆங்கிலக் கடற்படையார் துருப்பிடியாத பித்தளையாற் பிடியின் அடியை மூடினர். வெடி தவறின் அப்பித்தளைப் பிடியே தண்டாயுதமாயிற்று.

1807இல் அலெக்சாந்தர் போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அடித்தவுடன் வெடிக்கும் மருந்துக்கு உரிமைச்சாசனம் பெற்றார். அதன்வழித் தோன்றிய செப்புக் கேப்பு ஈரத்தின் இடரைப் பெரிதுங் குறைத்தது. பின்னர்த் தோட்டாச் சுழல்துப்பாக்கி வந்தது. 1887இல் பிரித்தானியப் படை ஏற்ற வெப்லி, சேற்றிலும் உழைப்பதெனப் பெயர்பெற்றது. எனினும், மடித்துத் திறக்கும் அதன் கீலும் கொளுக்கியும் காலப்போக்கில் தேய்ந்து தளரும். அன்றியும், அக்காலக் கேப்பின் குளோரேற்று மருந்து குழலினுள் ஒருவகை உப்பை எஞ்சவிடும். அது ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். எண்ணெய் அவ்வுப்பைக் கரையாது. வெந்நீராற் கழுவியபின்னரே எண்ணெய் பூசல் வேண்டும். 1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கிய இக்கடற்கரையில் இப்பணி தவறின் துரு விரைந்து பற்றும்.

ஆகவே, பருத்த குழல் பல்லாண்டு நிலைக்க, சிறிய வில்லும் கல்லும் கீலுமே முதலிற் கெடுகின்றன. செப்பனிடலின் அருமையைப் பெரும்படைகளும் உணர்ந்தன. 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறையைக் கவர்ந்தவர் ஆங்கிலத் தளபதி ஹியூஸ். ஜூலை 6ஆந் திகதி நாகபட்டினத்துக்கு அப்பாற் பிரெஞ்சுக்காரரோடு பொருது சிதைந்த கப்பல்களை அவர் சென்னையிற் செப்பனிட்டார். செப்டம்பர் 2ஆந் திகதி அவர் திருக்கோணமலையை அணுகியபோது, கோட்டை பிரெஞ்சுத் தளபதி சப்ரேனின் கையிலிருந்தது.