பனியில் ஒரு டீம், தீவில் ஒரு டீம்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. வெளியே மைனஸ் பதினான்கு. பேத்திக்கு ஆறு வயசு, ஸ்கேட்டிங் வகுப்பு. மருமகன் காரை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார். நான் ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் பேத்தி என்று டொராண்டோ ஃபிஞ்ச் அவென்யூவில் இருக்கிற அரங்கத்து வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பலகையை ஒழுங்காகப் படித்தேன். ஹெர்பர்ட் எச். கார்னகி சென்டெனியல் சென்டர்.

எத்தனையோ வருஷமாக அந்த வழியே போய்வருகிறேன். கார்னகி என்றால் நூலகமாகக் கட்டித் தள்ளிய அந்த எஃகு முதலாளி என்றே நினைத்திருந்தேன். உள்ளே போனால் சுவரில் ஒரு கறுப்பின ஆட்டக்காரரின் படம். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. கூகிளாண்டவர் துணையோடு தேடிக்கொண்டே போனதில், எனக்குச் சம்பந்தமே இல்லாத இந்த ஐஸ் ஹாக்கி, நான் சின்ன வயசில் பார்த்த ஒரு தீவுக்குக் கொண்டுபோய் விட்டது. எழுதாமல் விட்டால் மறந்துவிடுவேன், அதான் இந்தப் பதிவு.

முதலில் கார்னகி. 1919ல் டொராண்டோவில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள், அதாவது நம்மைப்போல ஒரு வந்தேறிக் குடும்பம். 1940களில் கியூபெக்கில், ஷெர்புரூக் போன்ற சின்ன ஊர் டீம்களில், தன் அண்ணன் ஆசியும் மேனி மெக்கின்டயரும் கூட ஆட, மூன்று கறுப்பர்களும் முன்வரிசையில் நின்று எதிராளியைத் திணற அடித்தார்கள். 1946, 47, 48 என்று மூன்று வருஷமும் அந்த மாகாண லீகின் சிறந்த ஆட்டக்காரர் இவர்தான். அப்போது என்.எச்.எல்.லில் மொத்தமே ஆறு டீம். 1942லிருந்து 1967 வரைக்கும் அந்த ஆறுதான். கண்டமே விளையாடுகிற ஆட்டத்தில் உச்சியில் இருந்த வேலை நூற்றுச் சொச்சம். அந்த நூற்றுச் சொச்சத்தில் கறுப்பருக்கு இடமில்லை.

1948ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். ஆடிப் பார்த்துவிட்டு, தங்கள் கீழ் டீம் ஒன்றில் ஆடச் சொன்னார்கள். அவர்கள் கொடுப்பதாகச் சொன்ன சம்பளம், கியூபெக்கில் அவர் வாங்கிக்கொண்டிருந்ததை விடக் குறைவு. வீட்டில் மனைவி, குழந்தைகள். கார்னகி "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அடுத்த வருஷம் கியூபெக் ஏசஸ் என்கிற டீமில் சேர்ந்தார்.

இந்த ஏசஸ் ஒரு சுவாரசியமான டீம். ஒரு காகித ஆலை ஆட்களின் டீமாக ஆரம்பித்தது. பெயருக்கு 'அமெச்சூர்', உள்ளே எல்லோருக்கும் சம்பளம். 1951ல் இருபது வயசு ழான் பெலிவோ வந்து சேர்ந்தார். மாண்ட்ரியல் கனேடியன்ஸ் கூப்பிட்டும் இரண்டு சீசன் அசையவே இல்லை. இங்கேயே நல்ல காசு, ஊர் முழுக்கக் கொண்டாட்டம், எதற்குப் போகணும்? கடைசியில் கனேடியன்ஸ் என்ன செய்தது தெரியுமா? அந்த லீகையே விலைக்கு வாங்கித் தொழில்முறை லீகாக மாற்றிவிட்டது. அதற்கப்புறம் 1953ல் அவர் கையெழுத்துப் போட்டார், ஐந்து வருஷத்துக்கு 1,05,000 டாலர். மாட்டை வாங்க முடியாமல் சந்தையையே வாங்கிய கதை.

அந்த பெலிவோவோடு ஒரே உடுப்பில் ஆடியவர் கார்னகி. கொஞ்ச வருஷம் கழித்து அதே ஏசஸில் ஆடிய வில்லி ஓ'ரீ 1958 ஜனவரியில் பாஸ்டன் ப்ரூயின்ஸுக்காக இறங்கி, என்.எச்.எல்.லில் ஆடிய முதல் கறுப்பர் ஆனார். அவருக்கு வலது கண்ணில் பார்வையே கிடையாது, யாரிடமும் சொல்லாமல் ஆடினார்! மொத்தம் 45 ஆட்டம். அதற்கப்புறம் லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ என்று கீழ் லீகுகளிலேயே பல வருஷம் ஓட்டிப் பிழைத்தார். சீனக் கனேடியரான லாரி க்வாங்கை 1948ல் ரேஞ்சர்ஸ் ஒரே ஒரு நிமிஷம் இறக்கிவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டது. அவரும் கியூபெக் பக்கம் போய்ப் பல வருஷம் சம்பளத்துக்கு ஆடினார்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கார் நிக்கோபார் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார்.

அப்பா அந்தமானில் பி.டபிள்யூ.டி.யில் வேலை பார்த்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் வளர்ந்தது போர்ட் பிளேரில் (2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம், என் நாக்குக்கு இன்னும் வரவில்லை). 1976ல் அப்பாவைக் கொஞ்ச நாளைக்குக் கார் நிக்கோபாருக்கு அனுப்பினார்கள். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே 270 கிலோமீட்டர் போல. பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் வெளியாட்கள் பாஸ் இல்லாமல் கால் வைக்க முடியாது. உத்தியோகக் குடும்பம் என்பதால் லீவுக்கு நானும் அம்மாவும் போனோம். தட்டையான தீவு, எங்கே பார்த்தாலும் தென்னை. சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் கால்பந்து. வெறுங்கால், பவளப்பாறைத் துண்டு கலந்த மண், அதில் அந்த ஓட்டம்! போர்ட் பிளேர் ஸ்கூல் டீமில் எனக்கு இடம் கிடைத்த கர்வமெல்லாம் முதல் நாளே கடலில் கரைந்துபோச்சு.

மைதானத்து ஓரத்தில் ஒரு பெரியவர் தினமும் வந்து உட்காருவார். முழங்கால் ஒன்று மடங்காது. நாங்கள் சாச்சா என்போம். பேச்சு ஹிந்தியில்தான், அந்தமானில் எல்லோருக்கும் அதுதான் பொது. சண்டை முடிந்த பிறகு, 1950களில், தன் கிராமத்து டீமில் முன்னாடி நின்று ஆடியவர். பகலில் கொப்பரை வேலை, சாயங்காலம் பந்து. "ஆடினால் என்ன தருவார்கள்?" என்று கேட்டேன், சின்னப் பையன்தானே. "ஜெயிச்சாலும் பன்றிக்கறி, தோத்தாலும் பன்றிக்கறி" என்று சிரித்தார்.

அவருக்கு அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு தமிழ்த் தொடர்பு இருக்கிறது. எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. 1890களில் வேதப்பன் சாலமோன் என்கிற தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாருக்கு வந்தார். சின்னப் பள்ளிக்கூடம் நடத்தினார், அரசாங்க ஏஜென்டும் அவரே. தீவில் பார்த்ததை டயரியாக எழுதிவைத்தார். அந்த டயரியின் பகுதிகள் 1900களின் தொடக்கத்திலேயே லண்டனில் மானிடவியல் இதழில் அச்சாகியிருக்கின்றன. நம்ம ஆட்களில் யார் யாரோ பயணக்கட்டுரை எழுதியதாகப் பேசுகிறோம், இவரை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அவரிடம் படித்த ஒரு நிக்கோபாரிப் பையன் மேற்படிப்புக்கு பர்மாவில் மாண்டலே போனான். ஞானஸ்நானப் பெயர் ஜான் ரிச்சர்ட்சன். படித்துவிட்டு அங்கேயே வேலை பார்த்திருக்கலாம். தீவுக்கே திரும்பி வந்து வாத்தியாராகவும் உபதேசியாராகவும் இருந்தார். சொந்த மொழிக்கு எழுத்து வடிவம் பழக்கினார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார், பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். தென்னந்தோப்புக்கு நடுவே ஊருக்கு ஊர் மைதானம் முளைத்ததற்கு மூலவர் அவர்தான்.

1942ல் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். தீவு மக்களை அடித்து வேலை வாங்கி விமான ஓடுபாதை போட்டார்கள். கடைசிக் கட்டத்தில், பிரிட்டிஷ்காரனுக்குத் துப்புச் சொல்கிறீர்கள் என்று குற்றம் சாட்டிப் பலரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ரிச்சர்ட்சனையும் பிடித்தார்கள். அவர் பிழைத்தார், அவர் வீட்டிலேயே உயிர்ப்பலி உண்டு. சாச்சா அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். முழங்கால் பந்தாட்டத்தில் போனதா, ஓடுபாதையில் போனதா என்று அப்பா ஒருதடவை கேட்டபோது, எழுந்து நொண்டிக்கொண்டே போய்விட்டார். அப்பாவுக்கு அந்த ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அப்படி அழிந்து கிடந்த தீவில், 1945க்குப் பிறகு மறுபடி பந்தை உருட்டிய தலைமுறை சாச்சாவுடையது. ரிச்சர்ட்சன் 1950ல் பிஷப் ஆனார். 1952ல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராக டெல்லி போனார். தீவிலிருந்து ஒருவர் பார்லிமென்ட் வரைக்கும் போய்விட்டார். ஆனால் நல்லா ஆடுகிற ஒரு பையன் கல்கத்தா மைதானத்துக்குப் போக வழியில்லை.

கல்கத்தாவில் அதே வருஷங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கேயும் பெயருக்கு அமெச்சூர், உள்ளே பண நடமாட்டம், அல்லது ரயில்வே, துறைமுகம் என்று ஒரு வேலை. பெங்களூரிலிருந்து சாரங்கபாணி ராமன் மோகன் பகானுக்குப் போனார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக, சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் அவர்தான். அதே ஊர் தன்ராஜ் ஈஸ்ட் பெங்கால் போய் வெங்கடேஷ், அப்பாராவ், சாலே, அகமது கானோடு சேர்ந்து 'பஞ்சபாண்டவர்' ஆனார். 1949, 50, 51 என்று மூன்று வருஷம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அவர்களுக்கே. ஏசஸ் கதைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெங்களூரில் ஆடினால் யாராவது பார்ப்பார்கள், கையில் ஒரு ரயில் டிக்கெட் திணிப்பார்கள். கார் நிக்கோபாரில் ஆடினால் பார்க்கிறவர்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே வெளிச்சம். போர்ட் பிளேர் வந்தாலும் அங்கிருந்து கல்கத்தாவோ மெட்ராஸோ போக இன்னும் மூன்று நாள் தண்ணீர்.

கார்னகிக்கு மேல்கதவைச் சாத்தினார்கள். அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது, அநியாயம். ஆனால் அவர் நியூயார்க்கைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடிந்ததே, அதற்கு ஷெர்புரூக்கும் கியூபெக்கும் கொடுத்த வாரச் சம்பளம் காரணம். நடுவில் ஒரு படி இருந்தது, அதில் நின்றுகொண்டு பேசினார். சாச்சா "வேண்டாம்" என்று சொல்ல வேண்டுமானாலும் யாராவது வந்து கேட்டிருக்கணுமே. நான் அன்றைக்கு அவரிடம், வெளியே போய் ஆட ஆசை இல்லையா என்று கேட்டேன். கடலைக் காட்டி, "வாட்டர் ஆஃப்சைட்" என்றார். அந்த ஜோக் எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

தீவுக்கு அந்த நடுப்படி கடைசியில் வந்தது, ஆனால் கால்பந்தில் இல்லை, சைக்கிளில். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிக்கோபாரின் கடலோரக் கிராமங்கள் போயின. மலக்கா கிராமம் அடியோடு போச்சு. விமானப்படைத் தளத்தில் நூற்றுக்கும் மேலானவர்கள் இறந்தார்கள். அன்றைக்கு ஒன்பது வயசில் மரத்தைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் கிடந்து பிழைத்த டெபோரா ஹெரால்டு, பிற்பாடு டெல்லி வெலோட்ரோமில் பயிற்சி பெற்று ஆசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கினார். 2018ல் சுவிட்சர்லாந்தில் ஏகிள் என்கிற ஊரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில், கார் நிக்கோபாரின் ஈசோ ஆல்பன் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வாங்கினார். சைக்கிளில் இந்தியாவுக்கு உலக அளவில் கிடைத்த முதல் பதக்கம் அது. விடுதி, சாப்பாடு, கோச், டெல்லிக்கு டிக்கெட். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

சாச்சா உட்கார்ந்திருந்த மைதானமும் கடலோரம்தான். சுனாமி நேரத்தில் நான் இங்கே மிஸிசாகாவில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்பே அவர் காலமாகியிருப்பார், வயசு அப்படி. மைதானத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கார்னகி 2012ல் காலமானார். ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தது 2022ல். பத்து வருஷம் பொறுத்திருந்து சேர்த்திருக்கிறார்கள், நல்ல காலம்.

அடுத்த சனிக்கிழமை பேத்தியிடம் அந்தப் படத்தைக் காட்டினேன்.

"தாத்தா, இவர் என்.எச்.எல்.ல எத்தனை கோல் போட்டார்?"

"ஒண்ணுகூட இல்லடா கண்ணு."

"அப்போ ஏன் பேரு வச்சிருக்காங்க?"

அதற்குள் பனிக்கட்டியைத் துடைக்கிற வண்டி வெளியே போய்விட்டது, விசில் அடித்துவிட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடிவிட்டாள். ஒரு காலில் லேஸ் கட்டாமல்.