அமானத்தும் பெட்டகமும்

கி.பி. 622. மக்கத்துக் குறைஷியர் பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்தை வாளேந்திச் சூழ்ந்து நின்றனர். வெளியே நின்றவர்கள் உயிரைப் பறிக்க வந்தவர்கள். உள்ளே பத்திரமாக இருந்தவையோ அம்மக்கத்து மக்களே கொடுத்து வைத்திருந்த பொருள்கள்! நபி என ஏற்க மறுத்த ஊர், 'அல் அமீன்' என்று நம்புவதை மட்டும் நிறுத்தவில்லை. பெருமானார் அவ்விரவில் புறப்பட்டார்கள். அலீ (ரலி) அவர்களோ பின்தங்கி, மூன்று நாட்கள் மக்காவிலிருந்து, அமானத்துகளை உரியவர்களிடம் ஒப்படைத்த பின்னரே மதீனா நோக்கி நடந்தார்கள்.

பொன்னையும் மணியையும் எங்கே வைத்துக் காப்பது என்னும் கேள்வி எழும்போதெல்லாம் நாம் பூட்டையும் பெட்டியையும் நினைக்கிறோம். ஆனால் வரலாறு முதலில் காட்டுவது மனிதரை. பெட்டியின் வலிமை திருடனுக்கு எதிரானது. திருடன் வராமலே தொலைந்த பொன்னுக்கு அது என்ன செய்யும்? இவ்வினாவோடு நம் காவிரி நாட்டின் பழைய ஏடுகளைச் சற்றே புரட்டுவோம்.

கி.பி. 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்கள் ஒருவகையில் மாபெரும் நகைப்பட்டியலாகும். முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அளித்த அணிகலன்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் கல். மணி பதித்த அணிகளை நிறுக்க 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் மற்றொரு கல். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கடைசி அளவுவரை கணக்கு. முத்தைச் சொல்லும்போது வட்டமா, அநுவட்டமா, குறுமுத்தா, சப்பத்தியா என்று வகை பிரித்தார்கள். குறையுடைய மணியைக் குறையுடையது என்றே எழுதினார்கள். பின்னாளில் எவரும் நல்லதை எடுத்துக்கொண்டு அல்லதை வைத்துவிட முடியாது.

இக்கருவூலத்தைக் காக்கும் பண்டாரிகளைத் தெரிந்தெடுத்த முறையும் நோக்கற்பாலது. ஊர்ச்சபைகளே அவர்களை அனுப்பவேண்டும்; அவர்கள் நிலமோ, உறவினரோ, பொருளோ உடையவர்களாய் இருத்தல் வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. தவறு நேர்ந்தால் ஓடிவிட இயலாதவர் என்பது இதன் கருத்து. காப்பாளனுக்குப் பின்னால் ஓர் ஊரே பிணை நின்றது. ஆக, எழுத்தும் பிணையும் என இரண்டு பூட்டுகளை இம்மண் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

அரசு வலுவாக இருந்தவரை இம்முறை நிலைத்தது. போர்க்காலம் வந்தபோது மக்கள் மண்ணையும் நீரையும் நம்பினார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பணம் தேடித் தஞ்சை மீது படை நடத்தினான். நாகூர் வழியாக வந்த அப்படை கீழ்வேளூரில் வீடுகளைக் குடைந்தது, குளங்களை அரித்தது, கோயில் படிமங்களைக் கைப்பற்றியது. எதிர்பார்த்த புதையல் அகப்படவில்லை. படிமங்களும் பொன்னல்ல, வெறும் பித்தளை என்று கண்டு ஏமாந்ததாகக் கூறப்படுகிறது. 1781இல் ஹைதர் அலீயின் படைகள் தஞ்சைக் கோட்டை நீங்கலாகப் பெரும்பாலான டெல்டாவையும் சூறையாடின. படையெடுத்தவன் எச்சமயத்தவனாயினும் கொள்ளை கொள்ளையே. ஏர் பிடித்தவனுக்கு இழப்பு இழப்பே.

மண் இரகசியம் காக்கும்; ஆனால் புதைத்தவர் இறந்தால் பிள்ளைகளிடமிருந்தும் அது இரகசியம் காக்கும். இத்தகைய பொருள் எத்தனை கிடைத்திருந்தால் 1878இல் ஆங்கில அரசு புதையலுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியிருக்கும்! பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும். உரிமையாளர் எவரும் இல்லையெனில், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்றது அச்சட்டம். ஒரு தாயின் கழுத்தணி அவள் மக்களுக்குச் சேராமல் வழிப்போக்கனுக்குச் சேரும் அவலம் இது.

நம் முஸ்லிம் ஊர்களின் கதைக்கு வருவோம். நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, ஐயம்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை ஆகிய ஊர்களிலிருந்து ஆண்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சபர் போனார்கள். ஆண்டுக்கணக்கில் வீட்டைக் காத்தவர்கள் பெண்கள். கருகமணியும் காதணிகளும் கழுத்துச் சரங்களும் அவர்களின் அழகு மட்டுமல்ல. ஆபத்துக்கு உதவும் முதலும் அவைதாம். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. மறு ஆண்டு பர்மாவும் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. பணவரத்து நின்ற எத்தனையோ இல்லங்களில் அடுப்பெரிந்தது பெண்களின் பொன்னால்.

அந்நகைகள் எங்கே இருந்தன? தேக்கு மரப் பெட்டகத்தின் கள்ளறையில், பத்தாயத்து நெல்லுக்கடியில், சுவருக்குள் பதித்த மாடத்தில், திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு தொங்கிய இரும்புப் பெட்டியில். இவை போதாதபோது, ஊரில் நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரின் வீட்டில். துணியில் முடிந்து கொடுப்பார்கள். கேட்கும்போது முடிச்சு அவிழாமல் திரும்பி வரும். சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. இதன் பெருமையை நாம் பேசுகிறோம். ஆனால் வாங்கிவைத்தவர் திடீரென மௌத்தானால் நிலை என்ன? அவர் மக்கள் அதனைத் தந்தையின் சொத்தென்றே எண்ணிப் பங்கிடலாம். அங்கே திருட்டு இல்லை. ஆயினும் ஒரு விதவையின் பொருள் தொலைந்துவிடுகிறது.

இவ்வச்சத்தை ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் நன்குணர்ந்திருந்தார்கள். யாரேனும் அமானத்தாகப் பொருள் கொண்டுவந்தால், "அமானத்தாக வேண்டாம், கடனாகத் தாருங்கள், அது தொலைந்துவிடுமோ என அஞ்சுகிறேன்" என்னும் கருத்துப்படக் கூறுவார்கள். அமானத்து, காப்பவரின் குற்றமின்றி அழிந்தால் இழப்பு உடையவருக்கே; கடனாயின் திருப்பித் தரும் பொறுப்பு வாங்கியவருக்கு. 656இல் ஜமல் போரை ஒட்டி அவர்கள் ஷஹீதானபோது இவ்வாறு சேர்ந்த கடன் 22 இலட்சம். முன்னரே தந்தை சொல்லிவைத்திருந்ததால் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அனைத்தையும் அடைத்தார்கள். அதன் பின்னும் வாரிசுகளுக்குப் பங்கிடாமல், நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், "ஸுபைரிடம் வரவேண்டியது உள்ளவர் வருக" என்று அறிவித்தார்கள். தந்தை சொன்னார், மகன் காத்தார். இதைவிட உறுதியான பெட்டகம் எது?

பின்னர் வங்கி வந்தது. 1904இல் கும்பகோணம் வங்கி தோன்றியது. இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதன் வளர்ச்சியே. 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து, நம்பிப் பணம் போட்டவர்களைத் தெருவில் நிறுத்தியது. இவ்வாறு நம்புவதும் ஏமாறுவதுமாகவே நம்மவர் வங்கிக்குப் பழகி, பின்னர் லாக்கருக்கும் வந்து சேர்ந்தனர்.

லாக்கர் உறுதியானதே. ஆயினும் அதன் எல்லையை அறிந்திருத்தல் நலம். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று வங்கிக்குத் தெரியாது. அதற்கு வங்கி இன்ஷூரன்ஸ் செய்வதுமில்லை. கல்கத்தாவில் ஒரு வாடிக்கையாளரின் லாக்கர் அவரறியாமல் உடைக்கப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரி 19 அன்று உச்சநீதிமன்றம் வங்கிகளின் கடமையை வலியுறுத்தியது. அதையொட்டி ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. தீ, திருட்டு, கட்டிடச் சரிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேரின் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை. வாடகை 2,000 ரூபாயென்றால் ஈடு 2 இலட்சத்தோடு நின்றுவிடும். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கோ, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, பொறுப்பே இல்லை. 1977 புயலையும் 2004 ஆழிப்பேரலையையும் 2018 கஜாவையும் கண்ட நாகைக் கடற்கரையார் இதை மறத்தலாகாது. வாடகை செலுத்தி வந்தாலும், ஏழாண்டுகள் திறக்கப்படாமல், உரியவரையும் காண இயலாதபோது வங்கி அதைத் திறக்கலாம். வளைகுடாவில் வாழும் பிள்ளைகள் இதையும் குறித்துக்கொள்க.

இனி நாமினி. பெயர் பதிந்தவரே நகைக்கு உடையவர் என்று பல குடும்பங்கள் கருதுகின்றன. அது பிழை. நாமினி பெற்றுக்கொள்பவர் மட்டுமே. ஷரீஅத்தின் மொழியில் அவர் ஓர் அமீன். தாயின் நகை அவள் வாழ்நாளிலேயே அன்பளிப்பாய் ஒப்படைக்கப்படவில்லையெனில், கடனும் வஸிய்யத்தும் போக, அனைத்து வாரிசுகளுக்கும் உரியது. மக்கள் இருந்தால் கணவருக்கு நாலில் ஒன்று. எஞ்சியோர்க்கு அவரவர் பங்கு. சாவி யார் கையிலோ அவருக்கே பொன் என்பது மார்க்கமன்று. அவ்வாறே, மனைவியின் மஹரும் நகையும் அவளுடையவை. கணவன் தன் பெயரில் எடுத்த லாக்கரில் அவை இருப்பதால் அவனுடையவை ஆகிவிடா.

ஆகவே இரும்பை வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். என்னென்ன நகை, எத்தனை பவுன், யாருடையது, எங்கே உள்ளது, பிறர் அமானத்து எது என்று எழுதுங்கள். நம்பிக்கைக்குரிய இருவர் அதை அறிந்திருக்கட்டும். ஹனஃபீ இல்லங்களில் ஸக்காத்துக் கணக்குக்கும் அதுவே உதவும். வஸிய்யத்துக்குரியது எதுவும் வைத்திருப்பவர் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாதென்பது பெருமானாரின் போதனையன்றோ?

சோழன் கல்லில் எழுதினான். ஸுபைர் (ரலி) மகனிடம் சொன்னார்கள். அலீ (ரலி) மூன்று நாள் காத்திருந்து ஒப்படைத்தார்கள். அவர்கள் எவரும் பூட்டை மட்டும் நம்பவில்லை. நம் வீட்டுப் பெட்டகத்தின் சாவியோடு அதன் கணக்கும் நம் மக்களுக்குக் கிடைக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!